அனிலின் (பெயர் வரலாறு)

அனிலின், பென்சீன் வளையத்தில் ஓர் அமினோ தொகுதி இணைந்த கரிமச் சேர்மம். 184 பாகை செல்சியசில் கொதிக்கும் இந்த நச்சு நீர்மம் தூய நிலையில் நிறமற்றது. காற்றுப் பட்டால் பழுப்பேறும். சாயத் தொழிலின் தாய்ப்பொருளான இது, ஒரு செடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேதியியலில் ஒரே பொருளுக்கு நான்கு பெயர்கள் போட்டியிட்ட அரிய கதை இது. 1826இல் ஓட்டோ உன்வெர்டோர்பன் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து இதைப் பெற்றார். அமிலங்களோடு சேர்ந்து எளிதில் படிகமானதால் ‘கிரிஸ்டலின்’ என்றார். 1834இல் பிரீட்லிப் ருங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். வெளுப்புத்தூள் பட்டதும் நீலம் பூத்ததால், நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘கியனோல்’ என்று பெயரிட்டார். 1840இல் கார்ல் யூலியஸ் பிரிட்சே அவுரி நீலத்தை எரிபொட்டாசுடன் சூடாக்கி எடுத்ததை ‘அனிலின்’ என்றார். 1842இல் கசானில் நிக்கொலாய் சீனின் நைட்ரோபென்சீனை ஒடுக்கிப் பெற்றதோ ‘பென்சிடாம்’ ஆயிற்று. நான்கும் ஒன்றே என்று 1843இல் ஆகஸ்ட் வில்லெம் ஹோஃப்மன் நிறுவினார். நிலைத்தது பிரிட்சே வைத்த பெயர்.

அவர் அதை எடுத்தது ‘இண்டிகோஃபெரா அனில்’ என்ற தாவரப் பெயரிலிருந்து. ‘அனில்’ போர்ச்சுகீசியச் சொல். அரபு ‘அன்-நீல்’ வழியாக வந்தது. அதற்கும் மூலம் சமற்கிருத ‘நீலீ’. தமிழிலும் அவுரிக்கு நீலி என்ற பெயர் உண்டு. ஆனால் அந்த ‘அனில்’ செடி நம் அவுரி அன்று, வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அதன் உறவுச் செடி. இந்தியச் சொல்லொன்று அரபு வணிகர்களோடும் போர்ச்சுகீசியரோடும் கடல் கடந்து, அங்குள்ள செடிக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது வியப்புக்குரியது.

1856இல் வில்லியம் பெர்கின் தூய்மையற்ற அனிலினிலிருந்து ஊதாச் சாயம் கண்டபின், இப்பெயர் ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலைகளுக்குப் போனது. 1865இல் தொடங்கிய ஜெர்மன் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். பெயரிலுள்ள ‘ஏ’, அனிலினே. அதே நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இந்திய அவுரிச் சாகுபடி சரிந்தது. பீகாரிலும் தென்னாட்டிலும் அதை நம்பியிருந்த நிலங்கள் வேறு பயிருக்கு மாறின. அந்தச் செயற்கை நீலத்துக்கு இடைப்பொருளாக இருந்தது ஆந்த்ரனிலிக் அமிலம். அதற்கும் பெயர் வைத்தவர் பிரிட்சேதான். நிலக்கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ‘அனில்’ என்பதையும் சேர்த்து அதை அமைத்தார்.