நிலவுக்கும் பட்டாவா?

மயிலைக் கடற்கரையிலே காற்று வாங்கச் செல்வோர் சாந்தோம் கோபுரத்தைக் காணாதிரார். அங்கே போர்த்துகீசியர் குடியேறியது 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஆனால், பத்திரம் 1494ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது! தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையில் ஸ்பெயினும் போர்த்துகலும் கடல்மேல் ஒரு கோடு கிழித்து, கண்ணாற் காணாத நாடுகளையெல்லாம் பங்கிட்டுக்கொண்டன. கோட்டுக்குக் கிழக்கே கட்டுமரம் செலுத்திய மயிலைப் பரதவனை எவன் கேட்டான்?

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, நிலவையோ பிற கோள்களையோ எந்நாடும் தன் உடைமையாக்கலாகாது என்று விதித்தது. இந்தியாவும் ஒப்பமிட்டது. ஆயினும், அங்கே அமெரிக்கர் தோண்டியெடுக்கும் பொருள் அவர்க்கே சொந்தம் என 2015இல் அமெரிக்கா சட்டம் செய்தது. நிலம் பொதுவாம், புதையல் மட்டும் தனியுடைமையாம்!

நிலவில் குடிகளே இல்லையே, அநீதி யாருக்கு என்பர் சிலர். பின்னால் வரப்போகும் ஏழை நாட்டான் பிள்ளைக்கு என்போம் நாம். தென்துருவத்துப் பனிநீரை முந்திச் சென்றவன் முடித்துவிட்டால், அவன் எதைப் பருகுவான்?

விழுப்புரத்துத் தமிழர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருக்க, 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அறிவின் வெற்றி! மூன்றே நாளில் அவ்விடத்துக்குச் 'சிவசக்தி' எனப் பெயரிட்டனர். நம்மவர் காலடி படுமுன்னே கடவுள் குடியேறிவிட்டார். போர்த்துகீசியரும் மயிலையில் தம் குடியிருப்புக்குப் புனிதர் பெயரைத்தான் சூட்டினர்.