ஓம் கண்ட விதியும் காவிரி தந்த மின்சாரமும்

டில்லிக்கு நான் வந்த முதற் குளிர்காலம் அது. கிட்வாய் நகரின் பழைய அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் வசித்து வந்தேன். அக்குடியிருப்புகள் பலவும் இன்று இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயர்ந்த மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. தெற்கே பிறந்தவர்க்கு மார்கழி மாதத்து டில்லிக் குளிர் எத்தகையது என்பதை, வடநாட்டில் வாழும் நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஓர் இரவு, ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்றிலேயே கணப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒருங்கே மாட்டினேன். சிறிது நேரத்தில் கருகிய நாற்றம் எழுந்தது. சுவரோரத்துக் கம்பியிலிருந்து புகை கிளம்பிற்று. உள்ளறையில் குழந்தை உறங்கிக் கொண்டிருந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். பின்னர், "என்ன தம்பி, வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டாமா?" என்றார். கலைப் பட்டம் பெற்ற எனக்கு அக்கேள்வி விளங்கவில்லை. அவர் ஒரு காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார்.

கணப்பின் திறன் 1,000 வாட். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டி 750 வாட், அதற்கு 3.26 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 7.6 ஆம்பியர். ஐந்துக்கென அமைந்த கம்பியில் ஏழரைக்கு மேல் ஓடினால் சூடேறாமல் என் செய்யும்? வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும்: கணப்பின் தடை சுமார் 53 ஓம். மின்னழுத்தம் 200 வோல்ட்டாகத் தாழ்ந்தால், அதே தடையில் 3.77 ஆம்பியர்தான் ஓடும்; திறனும் 755 வாட்டாகக் குறையும். குளிர் மிகுந்த இரவுகளில் கணப்பு மங்கி எரிவதன் காரணம் இதுவே.

பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய இக்கணக்கைக் கண்டறிந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மைந்தராக 1789-இல் பிறந்த கியார்க் சைமன் ஓம் என்பவரே அவர். கொலோன் நகரப் பள்ளியில் பணியாற்றுகையில், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்தி அளந்தார். அந்நாளைய மின்கலம் நிலையாக நில்லாமல் ஏறி இறங்கியது. ஆதலின் அதை விடுத்து, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த கருவி ஒன்றை அமைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வேறுபாடு மாறாதிருந்ததால் மின்னழுத்தமும் மாறாதிருந்தது. மின்னழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் அதே விகிதத்தில் மிகும். தடை மிகுந்தால் அதே விகிதத்தில் குறையும் என்ற விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். நாட்டில் அதற்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை. ஓம் தம் பதவியையும் துறந்தார். 1841-இல் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. மியூனிக்கில் பேராசிரியர் பதவி 1852-இல் வந்தது. 1854-இல் அவர் மறைந்தார். 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

ஓமின் விதியோடு மற்றொன்றும் சேர வேண்டியிருந்தது. மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் மது வடிப்பவர் ஒருவரின் மைந்தரான ஜூல், நீரில் கம்பியை அமிழ்த்தி வெப்பத்தை அளந்து, அது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதை 1840-இல் கண்டார். என் வீட்டுக் கம்பியில் மின்னோட்டம் ஒன்றரை மடங்கே மிகுந்தது; வெப்பமோ இரண்டே கால் மடங்கைத் தாண்டியது.

வீட்டுக் கம்பியைச் சுட்ட இவ்விதி, நாடு தழுவிய மின்கம்பிகளுக்கும் பொருந்தும். நம்மவர் வாழ்வோடு பிணைந்த சான்று ஒன்று மைசூர் சமஸ்தானத்தில் உண்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினராய் உழைத்து வந்தனர். இயந்திரங்களை இயக்க அங்கே விறகையும் நிலக்கரியையும் எரித்தனர். காவிரியோ தொலைவில், சிவசமுத்திரத்தில் அருவியாய் வீழ்ந்து கொண்டிருந்தது. பாலக்காட்டுச் சீமையில் பிறந்து மைசூர்த் திவானாய் விளங்கிய சேஷாத்ரி ஐயர், அவ்வருவியின் வலிமையைக் கோலாருக்குக் கொண்டு செல்லும் திட்டத்தை மேற்கொண்டார். இடைத்தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அத்தனை நீளக் கம்பியின் தடையிலே மின்சாரம் வெப்பமாய்க் கரைந்து போகாதா என்பதே வினா.

விடையை அதே கணக்கு தந்தது. நுணுக்கங்களை ஒதுக்கி எளிமையாய்க் கூறுவேன். 3,000 கிலோவாட் திறனை 350 வோல்ட்டில் அனுப்பினால், கம்பியில் 8,500 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 35,000 வோல்ட்டில் அனுப்பினால் 86 ஆம்பியர் போதும். மின்னோட்டம் நூற்றில் ஒன்றாகிறது. வெப்ப நஷ்டமோ, அதே கம்பியில், பதினாயிரத்தில் ஒன்றாகிறது. கோலார்க் கம்பித் தொடரும் 35,000 வோல்ட் அளவிலேயே அமைந்தது. 1902 ஜூன் 30-ஆம் நாள் காவிரியின் மின்சாரம் கோலாரை அடைந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் மறைந்துவிட்ட திவானுக்கு அந்நாளைக் காணும் பேறு கிட்டவில்லை. 1905-இல் பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பிழைப்பைத் தேடி அங்கே சென்றவரின் பேரப்பிள்ளைகள் மீண்டும் வேறு ஊர்களுக்குப் புறப்பட்டனர். நாமும் அவ்வாறு வந்தவர்களே. நம்மிற் பலருக்கு வாய்ப்பது வாடகை வீடு. சுவருக்குள் ஓடும் கம்பியின் வயதும் தடிப்பும் நமக்குத் தெரியா. ஆனால் வாங்கும் ஒவ்வொரு கருவியின் தகட்டிலும் வாட்டும் வோல்ட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. கருவியை மாட்டுமுன் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். அன்று பெரியவர் எழுதித் தந்த காகிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். குளிர் தொடங்கும்போது ஒரு முறை எடுத்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.