தமிழகப் பழைய வீடுகளில் சாளர மாற்றம்

தமிழகத்தின் பழைய வீடுகளில் மரச் சாளரங்களைக் கழற்றிவிட்டு, அலுமினியம் அல்லது யு.பி.வி.சி. சட்டத்தில் கண்ணாடிச் சாளரங்களைப் பொருத்தும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. வீடு குளிரும், மின்கட்டணம் குறையும் என்ற எதிர்பார்ப்பில் பலர் இதைச் செய்கின்றனர். ஆனால் மாற்றிய பிறகு அறை முன்பைவிடப் புழுங்குவதும், குளிரூட்டி இல்லாமல் இருக்க முடியாமல் போவதும் உண்டு. இதற்கான காரணம் பெரும்பாலும் கண்ணாடியின் தரக்குறைவு அன்று. சாளரம் எதற்காக வைக்கப்பட்டது என்பதை மறந்ததே காரணம்.

பெயர்கள்

சாளரத்துக்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற துளைகளை உடைய காலதர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. பல கண்களை உடையது பலகணி. இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் ஜன்னல், ‘ஜனெலா’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. பழைய பெயர்கள் காற்றையும் துளையையும் சொல்கின்றன. கண்ணாடிக்கு அவற்றில் இடமே இல்லை.

கண்ணாடிக்கு முந்திய சாளரம்

முற்றம் வைத்த வீடுகளில் தெருப்பக்கச் சாளரங்கள் சிறியனவாகவும் சிலவாகவும் இருந்தன. வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் முற்றத்தின் வழியாகவே வந்தன. தேக்கு நிலை, அதில் மரக்கம்பியோ இரும்புக்கம்பியோ, உட்புறம் நான்கு கதவுகள் என்பது பரவலான அமைப்பு. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக இருந்த இக்கதவுகள் எளிய, ஆனால் நுட்பமான ஏற்பாடு. கீழிரண்டைச் சாத்தி மேலிரண்டைத் திறந்தால் தெருவில் போவோர் பார்வை உள்ளே விழாது. கூரையடியில் தேங்கும் சூடான காற்று வெளியேறும். இரவில் நான்கையும் திறந்து வைப்பர். வெயில் ஏறும்போது சாத்திவிடுவர். அதாவது, வீட்டில் இருப்பவர் நாள்தோறும் சாளரத்தை இயக்கினர். வெளியே தாழ்வாரமோ ஓட்டுச் சாய்ப்போ நிழல் தந்தது. கோடையில் கீற்றுத் தட்டியும், வசதி உள்ளவர் வீடுகளில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் கட்டப்பட்டன.

ஐரோப்பியர் தங்கள் வீடுகளுக்குச் சாய்வுப் பலகைகள் அடுக்கிய கதவுகளைப் பயன்படுத்தினர். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் இவற்றை இன்றும் காணலாம். கதவைச் சாத்தினாலும் பலகைகளின் இடைவெளி வழியே காற்று வரும், வெயில் வராது.

புதுச்சேரி கோல்கொண்டா

இந்த முறையைப் புதுக் கட்டடக்கலை எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல முடியும் என்பதற்குப் புதுச்சேரியில் உள்ள கோல்கொண்டா விடுதி சான்றாக நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த இக்கட்டடத்தின் பணி 1937இல் தொடங்கியது. பிற்காலத்தில் மரவேலையில் உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா களத்தில் இருந்து பணியாற்றினார். இந்தியாவின் தொடக்ககால வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களுள் இது முக்கியமானது.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. அம்முகங்களில் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பதிலாக, கையால் திருப்பக்கூடிய கிடைப் பலகைகள் வரிசையாக உள்ளன. கல்நார் சிமென்டால் செய்யப்பட்ட இப்பலகைகளை வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திறக்கலாம், சாய்க்கலாம், மூடலாம். அறைக்கும் நடைக்கும் இடையே உள்ள தேக்குக் கதவுகளும் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டவை. மூடியிருந்தாலும் காற்று கடந்து செல்லும். கூரையின் மேல் இன்னொரு வளைந்த ஓட்டு அடுக்கு, நடுவே காற்றிடைவெளி. கல்நார் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் அந்தப் பொருளை இன்று யாரும் பின்பற்றக் கூடாது. அமைப்பைப் பின்பற்றத் தடையில்லை.

இரண்டு எண்கள்

இன்று விற்கப்படும் சாளரக் கண்ணாடிகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் குளிர்நாடுகளில் வளர்ந்தது. 1973இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வீட்டைச் சூடாக வைக்க எரியும் எரிபொருளை மிச்சப்படுத்துவது அங்கே பெரிய கவலையாயிற்று. இரட்டைக் கண்ணாடியும், வெப்பக் கதிரைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் இந்தத் தேவையால் பரவின. அவர்கள் முதலில் பார்த்த எண் யு மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதை அது சொல்லும். மற்றொரு எண் எஸ்.எச்.ஜி.சி.; விழும் வெயிலில் எவ்வளவு பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பது அதன் பொருள்.

ஒரு கணக்குப் போட்டால் வேறுபாடு விளங்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு ஏறத்தாழ 5.7. வெளியே உறைநிலைக்குக் கீழ் 10 பாகை, உள்ளே 20 பாகை என்றால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 170 வாட் வெப்பம் வெளியேறும். இரட்டைக் கண்ணாடி இதைப் பாதியாக்கும். சென்னையில் வெளியே 38, உள்ளே 30 என்றால் இதே வழியில் உள்ளே வருவது சுமார் 45 வாட் மட்டுமே. ஆனால் மேற்குச் சாளரத்தில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுவதாகக் கொண்டால், ஒற்றைக் கண்ணாடி (எஸ்.எச்.ஜி.சி. சுமார் 0.8) அதில் 400 வாட்டை உள்ளே விடும். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியும் 350 வாட் அளவுக்கு விடும். எஸ்.எச்.ஜி.சி. 0.3 உள்ள கண்ணாடி 150 வாட் விடும். அந்தச் சாளரத்துக்கு வெளியே ஒரு பலகைக் கதவோ தட்டியோ இருந்தால் வெயில் கண்ணாடியைத் தொடுவதே குறைவு. உட்புறத் திரை இந்த வேலையைச் செய்யாது. வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது.

எனவே இங்கே ‘இரட்டைக் கண்ணாடி’ என்ற சொல்லைக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. பூச்சுக் கண்ணாடியிலும் இரு வகை உண்டு. குளிர்நாட்டுக்கானது வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைத் தேக்கும். நமக்கு வேண்டியது வெயிலையே தடுப்பது. எஸ்.எச்.ஜி.சி. எண்ணை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

திசையும் திறப்பும்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆகவே தெற்குச் சாளரத்துக்கு ஒரு சன்ஷேடு போதும். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலைக் கிழக்கிலும் மேற்கிலும் சன்ஷேடு தடுப்பதில்லை. செலவு செய்ய வேண்டிய இடம் இந்த இரண்டு பக்கங்கள்தாம், அதிலும் மேற்கு.

குடியிருப்புகளுக்கென இந்திய அரசின் மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு இது 100 சதுர அடி. கீலில் திறக்கும் சாளரத்தின் பரப்பில் 90 விழுக்காட்டைத் திறப்பாக இத்தொகுப்பு கணக்கிடுகிறது. இரண்டு கண்ணாடிகள் நகரும் சாளரத்துக்கு 50 விழுக்காடுதான். நான்கடிக்கு நான்கடி மரச் சாளரத்தை எடுத்துவிட்டு அதே அளவில் நகரும் சாளரம் வைத்தவர், காற்றுவழியில் ஏறக்குறைய பாதியை இழக்கிறார். இத்தொகுப்பு பெரிய மனைகளில் எழும் புதிய கட்டடங்களுக்கானது. பழைய வீட்டைப் புதுப்பிப்பவரை அது கட்டுப்படுத்தாது என்றாலும் கணக்கு எல்லோருக்கும் ஒன்றே.

பழைய நிலையின் மதிப்பு

மாற்றுவோரிடம் நியாயமான காரணங்களும் உள்ளன: கொசு, தூசி, வடகிழக்குப் பருவமழையின் சாரல், தெரு இரைச்சல், கரையான். கொசுவை மறந்துவிட்டுக் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஆயினும் இவற்றுள் பலவற்றுக்கு நிலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. தேக்கு நிலை நல்ல நிலையில் இருந்தால் கரையான் அரித்த துண்டை மட்டும் தச்சர் வெட்டி இணைத்துவிடுவார். அதே நிலையில் கழற்றி மாட்டும் வலைச் சட்டம் பொருத்தலாம். மழைக்கும் இரைச்சலுக்கும், கீலில் முழுதும் திறக்கும் கண்ணாடிக் கதவைக் கூடுதலாக வைக்கலாம். குளிரூட்டி ஓடும் படுக்கையறைக்கு ரப்பர் பட்டையுடன் கூடிய சட்டமும் குறைந்த எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடியும் பயன்தரும்.

சுண்ணாம்புச் சுவரில் இருந்து நிலையைப் பெயர்க்கும்போது சுற்றியுள்ள செங்கல் நெகிழ்வதும், மேல்வளைவு விரிசல் விடுவதும் உண்டு. பெயர்த்த நிலைகளும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. காரைக்குடியில் இதற்கென்றே கடைத்தெரு உள்ளது. அங்கே வாங்கப்படும் நான்கு கதவுச் சாளரங்கள் பல, நகரத்து உணவகங்களிலும் விடுதிகளிலும் சுவர் அலங்காரமாக, திறக்க முடியாதபடி மாட்டப்படுகின்றன.