ஆரணி: கோட்டை, மாளிகை, தறிவீடு

ஆரணி என்றவுடன் நமக்குப் பட்டும் அரிசியும் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரின் பழைய கட்டடங்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவை எதற்காக எழுந்தன, பின்னர் என்னவாயின என்று பார்த்தால், ஒரு கட்டடத்தை நிலைக்கச் செய்வது எது என்பது விளங்கும்.

முதலில் கோட்டை. ஆர்க்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட இராபர்ட் கிளைவ், 1751 டிசம்பரில், மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருடன் வந்த பிரெஞ்சுப் படையையும் ஆரணிக்கு அருகே தோற்கடித்தார். இரண்டாம் மைசூர்ப் போரின்போது இதே கோட்டை ஐதர் அலியின் தளவாடக் கிடங்காயிற்று. அதைக் குறிவைத்து அயர் கூட் வந்ததால் 1782 ஜூன் 2 அன்று மீண்டும் இங்கே போர் மூண்டது. ஆயினும் கோட்டை அவர் கைக்குச் சிக்கவில்லை. பின்னாளில் ஆங்கிலத் துருப்புகள் ஆரணியில் பாசறை அமைத்துத் தங்கின. போரின் தேவை தீர்ந்தபின், கோட்டைப் பகுதி அரசு அலுவலகங்களுக்கு இடமாயிற்று.

அடுத்து ஜாகீர் மாளிகைகள். பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படையெடுப்பை ஒட்டி வந்த வேதாஜி பாஸ்கர பந்த் என்னும் மராத்தியரின் வழியினர் இந்த ஜாகீரை ஆண்டனர். மத்வ மடாதிபதி சத்திய விஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அமைந்த சத்திய விஜய நகரத்தில் அவர்களது அரண்மனை எழுந்தது. பூசிமலைக்குப்பத்துக் காட்டோரம் ஐரோப்பியப் பாணியில் இன்னொரு மாளிகை எழுந்தது. ஓர் ஐரோப்பியக் காதலிக்காக அது கட்டப்பட்டதாக ஊரார் கதை சொல்வர். ஜமீன் முறை ஒழிந்தபின் இவற்றைப் பேணும் வருவாயும் இல்லை, வாழ்வோரும் இல்லை. இரண்டும் சிதைந்தன.

மூன்றாவது வகைக் கட்டடத்தை வரலாற்று நூல்கள் கட்டடமாகவே கருதுவதில்லை. அது நெசவாளரின் வீடு. தரையில் தறிக்குழி, அதனருகே வெளிச்சம் விழும் சன்னல், பாவின் நீளத்துக்கு ஏற்ற கூடம், பாவை விரித்துக் கட்ட வாசலில் நேரான தெரு: தொழிலே இங்கு கொத்தனாருக்கு அளவு சொல்லியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் அதன் மென்மைக்காகப் பெயர் பெற்றிருந்தது. பின்னர் பட்டு அவ்விடத்தைப் பிடித்தது. நூல் மாறினும் வீட்டின் பயன் மாறவில்லை. கோட்டைக்கும் மாளிகைக்கும் வாய்க்காத பேறு இது.

இன்று அப்பேறும் ஐயத்துக்குரியதாகிவிட்டது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஆனால் அக்குறியீடு காப்பது சேலையின் பெயரைத்தான், அது நெய்யப்படும் கூடத்தை அன்று. விசைத்தறியின் போட்டியாலும் போதாத கூலியாலும் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகும்போது குழியை மூடிச் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. வயிற்றுக்கு உதவாத குழியை எவர்தான் காத்துக்கொண்டிருப்பார்?

நம்மால் இயன்றது ஒன்றுண்டு. வீட்டாரின் இசைவோடு, எஞ்சியிருக்கும் தறிவீடுகளை அளந்து வரைந்து, அங்கு நெய்வோரின் சொற்களையும் எழுதி வைக்கலாம். இடிந்த மாளிகையிலாவது சுவர் மிஞ்சுகிறது. மூடிய தறிக்குழியின் மேல் ஒரு சுவடும் தெரியாது.