தலைக்கு மேல இருந்த மரம் காலுக்குக் கீழ வந்த கதை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கட்டுற ஃபிளாட்டுங்க நோட்டீஸ்ல இப்ப "பெட்ரூம்ல மரத் தரை"ன்னு ஒரு வரி இருக்கு. மரத் தரை நமக்குப் புதுசுன்னு நினைச்சுடாதீங்க. நம்ம வீடுகள்லயும் பலகைத் தளம் இருந்துச்சு, ஆனா தலைக்கு மேல. பரண்னு சொல்லுவோம். புளி, விதைநெல், உடைஞ்ச ஏர் எல்லாம் அங்கதான் கிடக்கும். வசதியான வீட்டுல மச்சு. கூரைக்கு வைரம் பாய்ஞ்ச பனங்கை, உத்திரத்துக்கு வேம்பு. பட்டணத்துல மெட்ராஸ் டெரஸ் போட்டவங்க தேக்கு உத்திரம் வெச்சு, மேல செங்கல்லைக் குத்துக்கல்லா சாய்ச்சு அடுக்கிச் சுண்ணாம்புல பூசுனாங்க. அந்தத் தேக்கு பர்மாவுல இருந்து கப்பல்ல வந்துச்சு. 1885-ல வெள்ளைக்காரன் பர்மா ராஜா மேல படை எடுத்ததுக்கு ஒரு காரணமே தேக்குக் கம்பெனித் தகராறுதான்.

அவ்வளவு மரம் இருந்தும் யாரும் அதைக் கீழ போடல. காரணம் கரையான். நம்ம ஏரி மண்ணுல ஒரு கட்டையைப் போட்டு ஒரு மழை பார்த்தாப் போதும். இன்னொண்ணு தண்ணி. நம்ம பொம்பளைங்க வீட்டைக் கழுவித்தான் விடுவாங்க, துடைக்கிறது பிற்பாடு வந்த பழக்கம்.

அதனால கீழ மண்ணு. திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கி, சாணியில கொஞ்சம் வைக்கோல் கரியும் கலந்து மெழுகுவாங்க. வெடிப்பு அடைபடும், தூசி எழும்பாது. நெல்லு அடிக்கிற களத்துக்கும் அதே மெழுகல்தான், மணி மண்ணுல புதையாம இருக்கணுமே. வீடும் களமும் ஒரே தரை. மாடு இருக்கிற வரைக்கும் காசு செலவே இல்லாத தரை அது. ஆனா அந்த வேலை பூரா பொம்பளைங்க முதுகு மேலதான் விழுந்துச்சு. "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு பேசுறவங்க யாரும் மெழுகினவங்க இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

வசதி உள்ளவங்க வீட்டுல காரைத் தரை. சுண்ணாம்பைச் செக்குல அரைச்சு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் ஊத்திப் பதம் பண்ணுவாங்க. மரவேலைக்கே பேர்போன பத்மநாபபுரம் அரண்மனையில நவராத்திரி மண்டபத்துத் தரையைப் பாருங்க. கண்ணாடி மாதிரி மின்னுற கருப்புப் பூச்சு, மரம் இல்ல. சிமெண்ட் வந்த பிறகு ரெட் ஆக்ஸைடு கலந்த காவித் தரை. அப்புறம் கடப்பா கல்லு, மொசைக், கடைசியா குஜராத் மோர்பியில இருந்து லாரியில வர்ற டைல்ஸ்.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வந்துச்சு, 2010-ல ஒரகடத்துல ரெனோ நிஸான். நிலத்தை வித்த காசு முதல்ல தரையிலதான் தெரிஞ்சுது, வீட்டுக்கு வீடு டைல்ஸ். மாடு போச்சு, சாணியும் போச்சு. கொரியாக்காரங்களும் வந்தாங்க. அவங்களும் நம்மள மாதிரி செருப்பைக் கழட்டிட்டு தரையில உட்காருறவங்க. ஆனா அவங்க ஊர்ல அடுப்புப் புகையைக் கல்லுத் தரைக்கு அடியில விட்டுச் சூடாக்குவாங்களாம். குளிர் தேசத்துக்காரனுக்குக் கல்லு சுள்ளுனு இருக்கும், அதனாலதான் ஐரோப்பாக்காரன் மரத்தைப் போட்டான். நமக்கு சித்திரை மாசம் குளிர்ச்சியான தரைதான் வேணும்.

என் பையனும் இப்ப வீடு கட்டுறான், அவனுக்கும் மர ஆசை. அதுக்காக விசாரிச்சதுல தெரிஞ்சதைச் சொல்றேன். ஃபிளாட்டுல போடுறது பெரும்பாலும் மரமே இல்ல. மரத்தூளை அழுத்தின 8 மில்லி அட்டைப் பலகை, மேல மரம் மாதிரி படம். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அப்படி ஒரு நாள் ஊறினாலே இது உப்பிப் போயிடும். நிஜ மரம்னா தேக்கு. அதுலயும் வெளுப்பா இருக்கிற பால்கட்டையைக் கரையான் விடாது, வைரப் பகுதியாப் பார்த்து வாங்கணும். கம்பெனிங்க கழிக்கிற பேலட் பைன் மரம் மலிவா கிடைக்குது. அதுல கோதுமைக் கதிர் முத்திரையும் ஹெச்டின்னு எழுத்தும் இருந்தா, நடுமரம் வரைக்கும் 56 டிகிரியில அரைமணி நேரம் சூடு காட்டினதுன்னு அர்த்தம். உள்ள இருந்த பூச்சி செத்திருக்கும், நாளைக்கு வர்ற கரையானுக்கு அது தடை இல்ல. எந்த மரமா இருந்தாலும் கான்கிரீட்டு ஈரம் நல்லாக் காயணும். பலகையை அந்த ரூம்லயே கொஞ்ச நாள் போட்டுப் பழக விடணும். சுவரோரம் இடைவெளி விடணும், இல்லாட்டி மழைக்காலத்துல பலகை பருத்து நடுவுல தூக்கிக்கும்.

மாடி ரூம்ல அவன் இஷ்டம்னு விட்டாச்சு. கீழ கூடத்துக்கு என் வீட்டுக்காரி காவித் தரை கேக்குறா. பூச்சை மட்டமா இழுத்து, கரண்டியால பளபளன்னு தேய்ச்சு எடுக்குற கொத்தனார் இப்ப கிடைக்கிறது கஷ்டம், எல்லாரும் டைல்ஸ் வேலைக்குப் போயிட்டாங்க. வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் பக்கம் பழைய ஆளு யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, தை பொறந்ததும் வேலை ஆரம்பிக்கணும்.