எலிக்கு வைத்த மருந்து

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், பனிப்புயலினூடே ஏறத்தாழ 190 மைல் வண்டியோட்டி மாடிசன் நகரை அடைந்தார். வண்டியில் செத்துப்போன கிடேரி ஒன்றும், கெட்டுப்போன தீவனம் 100 பவுண்டும், ஒரு பால் கேனில் ரத்தமும் இருந்தன. அந்த ரத்தம் உறையவே இல்லை. தேடிவந்த கால்நடை அலுவலகம் மூடிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் கார்ல் பால் லிங்க் இருந்தார். கெட்ட தீவனத்தைப் போடாதீர்கள், முடிந்தால் நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றுங்கள் என்பதற்கு மேல் அன்று அவரால் எதுவும் சொல்ல இயலவில்லை. விவசாயி வந்த வழியே திரும்பினார்.

ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப் பயிரால் மாடுகள் ரத்தம் வடிந்து இறப்பதைக் கனடாவில் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் 1920களிலேயே கண்டெழுதியிருந்தார். பயிர் குற்றமற்றது, ஈரத்தில் பூஞ்சை பிடித்தால்தான் கேடு. புதிதாக அறுத்த புல்லுக்கு மணம் தரும் குமரின் என்ற பொருளைப் பூஞ்சை நஞ்சாக மாற்றிவிடுகிறது. மணமே நஞ்சாகும் இவ்விந்தையை நம் புலவர் எவரேனும் அறிந்திருந்தால் ஓர் உவமை கிடைத்திருக்கும்! அந்த நஞ்சைப் படிகமாகப் பிரித்தெடுக்க லிங்கின் குழுவினருக்கு 1939 வரை ஆயிற்று. டைகுமரால் எனப்பட்ட அது 1940களில் நோயாளிகளுக்கும் தரப்பட்டது.

1945இல் காசநோய் கண்டு மருத்துவமனையில் கிடந்த லிங்க், எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்தார். விளைவு வார்ஃபரின். பெயரின் முற்பகுதி, ஆய்வுக்குப் பணம் தந்த விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள். பிற்பகுதி குமரினின் வால். 1948இல் எலி மருந்தாகவே அது கடைக்கு வந்தது. உடனே கொல்லாததால் எலிகளுக்கு ஐயம் எழுவதில்லை. நாள்தோறும் வந்து தின்னும்.

அதை மனிதருக்குக் கொடுக்க எவருக்குத் துணிவு வரும்? 1951இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணிச் சில நாட்களில் 567 மில்லிகிராம் வார்ஃபரின் விழுங்கினார். வைட்டமின் கேயும் ரத்தமும் செலுத்தப்பட்டுப் பிழைத்தார். மீட்கக்கூடிய நஞ்சு என்பது அவர் உடலில் தெளிந்தது. 1954இல் மனித மருந்தாக ஒப்புதல். 1955இல் மாரடைப்புற்ற குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கும் அதுவே தரப்பட்டது. வைட்டமின் கே உடலில் மீண்டும் மீண்டும் பயன்படுவதை அம்மருந்து எவ்வாறு தடுக்கிறது என்பது 1970களில்தான் விளங்கிற்று.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாயார். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர். ஒவ்வோர் இரவும் வார்ஃபரின் உண்டு. ஒருமுறை வயிற்றுப்போக்குக்கு வேறொரு மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதித் தந்தார். வார்ஃபரினை உடல் கழித்துவிடாமல் தடுக்கும் மாத்திரை அது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது; என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவரும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலை பல் துலக்கிய அம்மா, வாயிலிருந்து வடிந்த ரத்தம் நிற்காமல் கொல்லைப்புறத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அளவு ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை.

வைட்டமின் கே கொடுத்தார்கள். மறுநாள் ரத்தம் நின்றது. வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, இனி முருங்கைக்கீரை சாப்பிடலாமா என்பதுதான். கீரையிலும் அதே வைட்டமின் உண்டு. சாப்பிடலாம், ஆனால் வாரந்தோறும் ஒரே அளவாக என்றார் மருத்துவர். அன்று முதல் எங்கள் வீட்டில் கீரைக்கும் ஒரு கிண்ணம் அளவு உண்டு.