கம்பம் பள்ளத்தாக்கில் பறவை நோக்கல்

கம்பம் பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளையான வருசநாடு - மேகமலைத் தொடருக்கும் இடையே அமைந்துள்ளது. வறண்ட நிலப் பறவைகளையும் மழைக்காட்டுப் பறவைகளையும் ஒரே நாளில் காண ஏற்ற இடம் என்பது இதன் சிறப்பாகும்.

நில அமைப்பு

தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிடுவதால், இப்பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாக உள்ளது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியாக இங்குக் கொண்டுவரப்படுகிறது. ஆகவே பள்ளத்தாக்கின் நடுவே நெல்வயல்களும், தென்னந்தோப்புகளும், 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் தோட்டங்களும் உள்ளன. நீர் எட்டாத ஓரங்களில் பாறைகளும் முட்புதர்களும் காணப்படுகின்றன. புதரும் திராட்சையும் அடுத்தடுத்து அமைந்த இத்தோற்றம், சைப்பிரசு போன்ற மத்தியதரைக் கடல் தீவுகளின் வறண்ட பகுதிகளை ஒத்தது. அத்தீவுகளில் காணப்படும் கொண்டலாத்தி இங்கும் உண்டு.

பறவைகள்

புதர்நிலத்தில் மயில், கவுதாரி, பனங்காடை, பச்சைப் பஞ்சுருட்டான், கருஞ்சிட்டு, சாம்பல் தலை வானம்பாடி ஆகியவற்றைக் காணலாம். வயல்களிலும் வாய்க்கால்களிலும் கொக்கு, மீன்கொத்தி, அரிவாள் மூக்கன், தூக்கணாங்குருவி ஆகியவை வாழ்கின்றன. கிழக்கு ஐரோப்பா முதல் நடு ஆசியா வரை கூடு கட்டும் சோளக்குருவிகள் குளிர்காலத்தில் தென்னிந்தியச் சமவெளிகளுக்கு வருகின்றன. தகைவிலான், வாலாட்டி, பழுப்புக் கீச்சான் ஆகியனவும் வலசை வருபவையே.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் புதர்க்காடு படிப்படியாக ஈரக்காடாக மாறுகிறது. உயரத்தில் இருவாச்சி, சீகாரப் பூங்குருவி போன்றவற்றைக் காணலாம்.

ஏற்ற காலம்

நவம்பர் முதல் மார்ச்சு வரை ஏற்ற காலமாகும். வெயில் ஏறுவதற்கு முந்திய காலை நேரமே சிறந்தது. சூன் முதல் செப்டம்பர் வரை பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசும். காப்புக்காட்டிற்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும், தோட்டங்களுக்குள் செல்ல உரிமையாளரின் இசைவும் தேவை.

பாதுகாப்பு

மேகமலைக் காடுகள் 2021 இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். ஆனால், காப்பகத்திற்கு வெளியே உள்ள புதர்நிலங்களுக்கு இத்தகைய காப்பு இல்லை. அவை தரிசு எனக் கருதப்படுவதால் உழப்படுகின்றன, தீயிடப்படுகின்றன அல்லது மனைகளாக்கப்படுகின்றன. கவுதாரி, ஆள்காட்டி, வானம்பாடி ஆகியவை தரையிலேயே முட்டையிடுபவை. எனவே, நமக்கு வெற்று நிலமாகத் தோன்றுவது அவற்றின் கூடாகும்.

இத்தகைய இடங்களில் எப்பறவைகள் வாழ்கின்றன என்பதற்கான பதிவுகள், அவற்றைக் காக்கக் கோருவதற்கு முதற்சான்றாகும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் தங்கள் ஊர்ப் பறவைகளைப் பதிவு செய்யலாம்.